இருபத்திரண்டு மரத்துப் பேச்சு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதன் பிறகு பேனா பிடித்ததெல்லாம் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போடத்தான். எங்கே றகரம், எங்கே ரகரம் என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம். பிழை இருந்தால் தட்டச்சு செய்கிறவர் திருத்திக்கொள்ளலாம். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

யார் பெயரையும் எழுதப் போவதில்லை. நான் ஏற்றிப் போன அந்த நடிகருடைய நாட்டின் பெயரையும் எழுத மாட்டேன். ஐரோப்பாவில் சின்ன நாடு. அதைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அறுபது வருஷமாக நாடக மேடையிலும் படத்திலும் நடித்தவர்.

நான் ஈப்போவில் வேன் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன் ஜெலாப்பாங் தொழிற்சாலைகளில் பெண்களை இறக்கிவிடுவேன். பள்ளி விடுமுறை வந்தால் குடும்பங்களை லூமுட் படகுத்துறைக்கு ஏற்றிப் போவேன். வேனில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் கண்ணாடியில்கூட யார் முகத்தையும் பார்க்க மாட்டேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் காது சூடாகிவிடும். அதனால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. வெளிநாட்டுப் படக் கம்பெனிக்கு வண்டி, ஆள் எல்லாம் ஏற்பாடு செய்த தங்கச்சி ஒருத்தி, ஈப்போப் பிள்ளை, போனில் சொன்னது:

"அண்ணே, பேசாத டிரைவர் வேணும்னு கேட்டாங்க. ஒடனே ஒங்க ஞாபகம்தான் வந்துச்சு."

ஐந்து வார வேலை. காலையில் ஓட்டலில் அவரை ஏற்றிக்கொண்டு சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக்குப் போக வேண்டும். சாயங்காலம் திரும்ப வேண்டும். அந்தத் தோட்டத்தில் பெரும்பகுதி எண்ணெய் எடுக்கிற செம்பனையாகிவிட்டது. துரை பங்களா ஒன்றும் அதன் பின்னால் கொஞ்சம் ரப்பர் பால்மரமும் மிச்சம் இருந்தன. அதற்காகவே அந்த இடத்தைப் பிடித்திருந்தார்கள்.

அவருக்கு எழுபத்தெட்டு வயது. உயரம். முதல் நாளே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எனக்குப் பகீரென்றது. ஒரு மணி நேரம் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர்! ஆனால் அவருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. மெதுவாக, தேடித் தேடிப் பேசினார். நான் சுற்றுலாக்காரர்களிடம் பொறுக்கிய இங்கிலீஷும் அவருடையதும் ஏறக்குறைய ஒரே உயரம். அதில் கொஞ்சம் பயம் போனது.

அவர்தான் பேசுவார். பத்தொன்பது வயதில் மேடையில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும் வேடமாம். இரண்டு வருஷம் ஒரு வார்த்தை கிடையாது. பிறகு ராஜா, திருடன், பாதிரியார், குடிகாரன். ஒருமுறை நடிகை காய்ச்சலில் படுத்ததால் மாமியார் வேடமும் போட்டாராம். நான்கு மொழியில் படம். ஒரு படத்தில் முதலிலிருந்து கடைசிவரை பிணமாகவே நடித்தாராம். "அதுக்குத்தான் பத்திரிகையில ரொம்ப நல்லா எழுதினாங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என் மனைவி போனில் தேடிப் பார்த்தாள். நூறு படம் வந்தது, நூறும் வேறு வேறு ஆள். "இதுல எதுங்க நம்ம ஆளு?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

இரண்டாவது வாரம் அந்தப் பிணக் கதையை மறுபடி சொன்னார். வயதானவர், சொல்லட்டும் என்று சிரித்தேன். மூன்றாம் நாள் திரும்பவும் சொன்னார். அதே இடத்தில் நிறுத்தி அதே மாதிரி சிரித்தார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு காலை. ஓட்டல் வாசலில் கோட்டும் பட்டன் மாறிப் போட்ட சட்டையுமாக நின்றிருந்தார். வண்டியில் ஏறியதும், "இன்னிக்கு நாடகம் எத்தனை மணிக்கு?" என்றார்.

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை. நான் வண்டியை எடுத்தேன். சோறு வேகிற நேரம் போயிருக்கும். அவர் வெளியே செம்பனையைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார், பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டார். பிறகு கியரின் மேலிருந்த என் கையைப் பிடித்தார்.

யாரிடமும் சொல்லாதே என்றார். தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். இதுதான் கடைசி வேடம், அது தனக்குத் தெரியும். "எங்க தொழில்ல யாரும் நீ முடிஞ்சிட்டேன்னு சொல்ல மாட்டாங்க. போன் அடிக்காது, அவ்வளவுதான்." அவர் இங்கிலீஷில் சொன்னது எனக்கு இப்படித்தான் விளங்கியது.

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு எப்போதும் சுலபம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கச்சி தினமும் சாயங்காலம் கேட்பாள், "அண்ணே, பெரியவரு எப்படி இருக்காரு?"

"ஓகேலா."

"களைப்பா இருக்காரா?"

"வெயிலுதானே தங்கச்சி."

பொய் சொல்லும்போது கை வியர்க்கும். ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பேன். வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒங்களுக்கு என்ன கிறுக்கா? அந்த மனுசன் பாட்டுக்குச் செம்பனைக் காட்டுக்குள்ள நடந்து போயிட்டா? போலீசுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க? ஓகேலாவா?"

"வாக்குக் குடுத்திட்டேன்."

"வாக்கு! கல்யாணத்தன்னிக்கு ஐயரு சொல்லச் சொன்ன மந்திரத்தயே ஒங்க அண்ணன்தான் சொன்னாரு. இதுக்கு மட்டும் வாய் வந்திருச்சி."

அவள் சொன்னது நியாயம். அவரைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். மற்ற டிரைவர்கள் மாமாக் டீக்கடைக்குப் போய் தே தாரிக் குடித்துவிட்டு வருவார்கள். நான் பங்களாவைச் சுற்றியே நிற்பேன். "மச்சான், வெள்ளைக்காரனக் கட்டிக்கிட்டியா?" என்று கேலி செய்தார்கள்.

படத்தின் கடைசிக் கட்டத்தில் அவருக்கு நீளமான பேச்சு ஒன்று இருந்தது. தோட்டத்தை விற்றுவிட்ட கிழட்டுத் துரை, போவதற்கு முன் பேசுவது. பங்களா வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும். தங்கச்சிதான் எனக்கு விளக்கினாள். எங்கள் தோட்டத்தை விற்றபோது யாரும் பேசவில்லை. ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

நாற்காலியில் அவரால் முடியவில்லை. நாலு வாக்கியம் வரும், அப்புறம் நின்றுவிடும். திரும்ப ஆரம்பிப்பார், மூன்றாவதில் நின்றுவிடும். வெயில் என்றார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள். ஒன்பதாவது தடவைக்குப் பிறகு டைரக்டர் அவர் தோளைத் தட்டி, வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். தங்கச்சி என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வியாழக்கிழமையும் இப்படின்னா ஆள மாத்திருவாங்கண்ணே. இன்னொரு நடிகர சிங்கப்பூர்ல தயாரா வச்சிருக்காங்க. பெரியவரு நடிச்ச மத்ததெல்லாம் திரும்ப எடுக்கணும். கம்பெனி ஆளு அதுக்கும் சரின்னுட்டாரு."

அன்று திங்கள்.

செவ்வாய் காலை சீக்கிரமே போய்விட்டோம். யாரும் வரவில்லை. பங்களா பின்னால் பால்மரக் காட்டுப் பக்கம் நடக்க வேண்டும் என்றார். நடந்துகொண்டே அந்தப் பேச்சை முணுமுணுத்தார். நான் பின்னால் போனேன். நாற்காலியில் நின்ற இடத்தில் இப்போது நிற்கவில்லை. நடக்க நடக்க வார்த்தை வந்தது. பள்ளத்துப் பக்கம் ஒரு மரத்தருகே நின்று, "மேடையில இப்படித்தான். மேசைகிட்ட இந்த வரி, ஜன்னல்கிட்ட அந்த வரி. கால் ஞாபகம் வச்சுக்கும்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த விஷயம். பதினாறு வயதிலிருந்து நாலு வருஷம் நான் பால்வெட்டினவன். ஒரு ஆளுக்கு நானூறு மரத்துக்கு மேல். யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. எந்த மரத்தில் பட்டை மோசம், எதில் எறும்பு, எதில் பால் பிடிக்கிற மங்கு சாய்ந்திருக்கும் என்று என் மரவரிசையான நிரையில் நடக்கும்போது தானாக வரும். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் ஒன்றுகூடச் சொல்ல வராது.

இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையால் காட்டினேன். இந்த மரம், வயிறு பெருத்தது. அடுத்தது, கூனல். அதற்கடுத்தது, இரண்டு வெட்டுத் தழும்பு. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு வயிறு பெருத்த மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து முதல் வாக்கியத்தைச் சொன்னார். கூனலில் இரண்டாவது. அப்படியே இருபத்திரண்டு மரம். பேச்சு முடிந்தபோது ரோட்டோரம் வந்திருந்தோம்.

செவ்வாயும் புதனும், காலையிலும் சாப்பாட்டு வேளையிலும், அதே நிரை. எனக்கு அந்தப் பேச்சின் அர்த்தம் பாதிகூடத் தெரியாது. ஆனால் எந்தச் சத்தம் எந்த மரத்துக்கு என்று தெரியும். அவர் தடுமாறினால் முன்னால் போய் அந்த மரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பேன். புதன் சாயங்காலம் மூன்று தடவை முழுசாகச் சொல்லிவிட்டார். அவரே டைரக்டரிடம் போய், இந்தப் பேச்சை நாற்காலியில் வேண்டாம், மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே பேசுகிறேன் என்றார். டைரக்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு மட்டும் நான் வீட்டில் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு விஷயம் என் புத்திக்கு எட்டவே இல்லை. எங்கள் தோட்டத்தில் பள்ளத்துப் பக்கம் தொடங்கி ரோட்டுப் பக்கம் முடிப்போம். பால் எடுக்கும்போது வாளி கனக்கக் கனக்க ரோட்டுக்குக் கிட்டே வந்துவிடலாம். வெட்டுக்கும் அதே வழி. நிரை என்றால் அப்படித்தான் என்று என் காலில் ஊறிப்போயிருந்தது. வேறு யாராவது மறு முனையிலிருந்து தொடங்குவார்கள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

வியாழக்கிழமை போய்ப் பார்க்கிறேன், கேமராவைப் பள்ளத்துப் பக்கம் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் அங்கிருந்துதான் நன்றாக இருக்கிறதாம். அவரை ரோட்டோரம் நிறுத்தியிருந்தார்கள், இருபத்திரண்டாவது மரத்தடியில். ஓரத்தில் தோட்டத்து ஆட்களாக நடிக்க வந்த பதினைந்து இருபது பேர். உண்மையிலேயே ஒரு காலத்தில் தோட்டங்களில் வேலை செய்த பெண்கள்தான் அதிகம்.

அவர் முதல் மரத்தைப் பார்த்தார். அது அவருடைய முதல் மரம் இல்லை.

முதல் தடவை கடைசி வாக்கியத்தை முதலில் சொல்லிவிட்டு நின்றார். இரண்டாவது தடவை வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை பாதி தூரம் சும்மா நடந்து, திரும்பி, ஏதோ தொலைந்தவர் மாதிரி ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். கம்பெனி ஆள் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். சிங்கப்பூருக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது.

எழுபது எண்பது பேர் இருந்த இடம். என் கால் எப்படி நகர்ந்தது என்று தெரியவில்லை. தங்கச்சியின் பக்கத்தில் போய் நின்றேன்.

"தங்கச்சி, அவரு அந்தப் பக்கத்துலேர்ந்து வரணும்."

"ஏண்ணே?"

காரணம் சொன்னால் வாக்குப் போகும். நான் ஒரு பொய்க் காரணத்தைப் பிடித்தேன். "பால்வெட்டுறவன் யாரும் ரோட்டுப் பக்கத்துலேர்ந்து தொடங்க மாட்டான். பாக்குறவங்க சிரிப்பாங்க."

பின்னாலிருந்து ஒரு அக்காவின் குரல். நடிக்க வந்தவர், தலையில் துணி கட்டியிருந்தார்.

"யாருய்யா அது? எங்க தோட்டத்துல ரோட்டுலேர்ந்துதான் தொடங்குவோம். நான் முப்பது வருசம் வெட்டினவ."

"எந்தத் தோட்டம்க்கா அது?" என்று இன்னொருத்தி. "எங்களுக்கு மேட்டுலேர்ந்து."

"மேடு எங்கடி இருக்கு இங்க? இவரு ஒரு நாளாச்சும் வெட்டியிருப்பாரா? கையப் பாரு, வழவழன்னு இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் திரும்பி என்ன சத்தம் என்று கேட்டார். எழுபது எண்பது முகமும் என் பக்கம். காது எரிந்தது. ஓடிப்போய் வேனுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. தூரத்தில் அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கையால் மரப்பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் தங்கச்சியின் காதருகே குனிந்தேன்.

"அவருக்கு ஞாபகம் இல்ல தங்கச்சி. மூணு வாரமா. மரத்த வச்சித்தான் பேசுறாரு. பள்ளத்துலேர்ந்து வந்தா வரும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. கோபமா, பயமா, தெரியவில்லை. "மூணு வாரமாவா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு விறுவிறுவென்று டைரக்டரிடம் போனாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சொன்னது என்னுடைய பொய்யைத்தான். தோட்ட வழக்கப்படி அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள் என்று. முப்பது வருஷம் வெட்டின அக்கா முணுமுணுத்தார். நல்லவேளை, இங்கிலீஷில் முணுமுணுக்கவில்லை.

கேமராவை மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளிச்சம் போய்விடும் என்று டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். பெரியவரை வயிறு பெருத்த மரத்தடியில் கொண்டுபோய் விட்டேன். என் கையைத் தட்டினார். எதற்கென்று தெரியவில்லை.

பேசினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். பதிமூன்று வரை ஓடியது. பதினாலாவது மரத்தில் நின்றார். அது எறும்புப் புற்று இருக்கிற மரம். அங்கே மட்டும் கை வைக்காமல் பேசப் பழகியிருந்தோம். அவர் கையை வைத்துவிட்டார். எறும்பு ஏறியது எனக்குத் தெரிந்தது. கையை எடுக்கவில்லை. முன்னால் போய்ப் பதினைந்தாவது மரத்தைத் தொட வேண்டும் போலிருந்தது, ஆனால் கேமரா ஓடுகிறது. எத்தனை நேரமோ. பிறகு அவர் கையை எடுத்து, அதைப் பார்த்து, பதினைந்தாவது மரத்துக்கு நடந்தார். பதினாலாவது வாக்கியம் போனது போனதுதான். மிச்சம் எட்டும் வந்தது.

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கம்பெனி ஆள் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

தங்கச்சி அன்று சாயங்காலமே மேலிடத்தில் சொல்லிவிட்டாள். பேச்சு எடுத்தாகிவிட்டது, இனி வேடத்தைப் பறிக்க மாட்டார்கள், ஆனால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று என்னிடம் கேட்டாள். டாக்டர் வந்தார். மிச்சமிருந்த சின்னச் சின்னக் காட்சிகளை வேறு ஆளை வைத்து முதுகுப் பக்கமாக எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அவருடைய மகள் வந்து கூட்டிப் போனாள்.

விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன். அவர் பின் சீட்டில் ஏறினார். மகள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக இருக்கலாம். நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்ததால் இருக்கலாம். நான் யாரென்றே மறந்துபோயிருக்கலாம். வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். பிறத்தியார் முகத்தை அப்படிப் பார்த்தது அன்றுதான். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது எல்லோருக்கும் கொடுக்கிற மாதிரி கை கொடுத்தார். புறங்கையில் எறும்பு கடித்த தடிப்பு ஆறியிருக்கவில்லை.

தங்கச்சி பிறகு ஒருமுறை போனில் சொன்னாள். "அண்ணே, மேலிடத்துல சொன்னது நானு. நீங்க ஏன் அதப் போட்டு மனசுல ஒழப்பிக்கிட்டு இருக்கீங்க?" அவளுக்குச் சொன்னது நான்தானே.

போன மாதம் படம் ஈப்போவுக்கு வந்தது. மனைவி இழுத்துக்கொண்டு போனாள். பதின்மூன்றாவது மரம் வந்ததும் என் கை வியர்க்க ஆரம்பித்தது. எடுத்து முடித்த படம்தான், இனி அவர் மறக்க முடியாது. இருந்தாலும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். திரையில் அவர் மரத்தில் கை வைத்து நின்றார். கொட்டகையில் ஒரு சத்தமில்லை. முன்வரிசையில் ஒரு சீனப் பெண் அழுதாள். தோட்டத்தை விட்டுப் போகிற துரையின் துக்கம் என்று நினைத்திருப்பாள். படம் நெடுக நடித்தார்தான். அந்த இடத்தில் மட்டும் அவர் நடிக்கவில்லை என்பது அந்தக் கொட்டகையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள், "பேசத்தான் வராது. எழுதவாச்சும் செய்யுங்க. இல்லன்னா ஒங்களுக்குச் சோறு இறங்காது."

அவர் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருக்கிறது. இருந்தால், தன்னை ஒரு டிரைவர் காட்டிக்கொடுத்தான் என்று நினைக்கிறாரா, அந்த டிரைவர்தான் பேச்சைக் காப்பாற்றினான் என்று நினைக்கிறாரா, இரண்டும் நினைவில் இல்லையா என்பதும் தெரியாது. இரண்டுமே நான்தான் செய்தேன். ஒன்றைச் செய்யாமல் மற்றதைச் செய்திருக்க முடியுமா என்று நாலு நாளாக எழுதிப் பார்த்துவிட்டேன். முடிந்திருக்காது என்றுதான் வருகிறது. நம்பிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

எழுதி முடித்தது, ஆகஸ்டு பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை.